படம் நான்கு: தலைவர்

“படம் நான்கு. தலைமுடி இல்லாத, பருமனான ஆண் ஒருவர் மைக்கின் முன்னால் நிற்கிறார். வாய் திறந்திருக்கிறது” என்றது மடிக்கணினி.

பெண் குரல். அதில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. அடுத்த ரயில் எந்த மேடைக்கு வரும் என்று சொல்லும் குரல்.

ஆனந்தராஜா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இது ஆரைப் பற்றிச் சொல்லுது?”

புலம்பெயர்ந்த தமிழர்கள் கூடும் பென்டில் ஹில் மண்டபத்தின் பின்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். சங்கத் தலைவர் ஆனந்தராஜா, செயலாளர் பேர்ள் அன்ரி, உபதலைவர் விக்னராஜா, சங்கத்துக்கு இணையத்தளம் செய்துகொடுக்கும் நிரூபா. நால்வரில் தலைமுடி இல்லாதவர் ஒருவர்தான். ஆகவே மற்ற மூவரும் திரையைக் கவனமாகப் பார்த்தார்கள்.

“படத்தைப் பற்றி, அங்கிள்” என்றாள் நிரூபா.

“என்ர படம் மாதிரிக் கிடக்கு.”

“ஓம் அங்கிள்.”

“சனம் பாக்கத்தானே படம் போட்டனாங்கள்? பிறகென்னத்துக்கு அதை வாயால வேற சொல்லுது?”

நிரூபா மூன்றாவது தடவையாக விளக்கினாள். கண் தெரியாதவர்களுக்குக் கணினி எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லும். எழுத்தென்றால் அதுவே வாசிக்கும். படமென்றால், அதில் என்ன இருக்கிறதென்று யாராவது எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறுமனே ‘படம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

“அப்பிடியே போகட்டுமே” என்றார் ஆனந்தராஜா.

“போகேலாது அங்கிள். சனிக்கிழமை பரிசோதனை.”

அந்தச் சனிக்கிழமையில்தான் நிரூபாவின் எதிர்காலம் தொங்கிக்கொண்டிருந்தது. பெப்ரவரியில் அவள் வேலை பார்த்த நிறுவனம் அரைவாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அன்றிலிருந்து நார்த்மீட் வீட்டில் தன் படுக்கையறையிலேயே தனியாகத் தொழில் தொடங்கியிருந்தாள். இந்தச் சங்கம்தான் முதல் வாடிக்கையாளர். ஆண்டு விருந்துக்கு நகரசபை பெரிய மண்டபத்தை இலவசமாகத் தரும். ஆனால் டிக்கெட் விற்கும் இணையத்தளத்தை எல்லோராலும் பயன்படுத்த முடிகிறதென்று ஒரு பரிசோதகர் கையெழுத்திட வேண்டும். தேறினால் வேறு பதினான்கு சங்கங்களின் தளங்களும் நிரூபாவுக்கு. தேறாவிட்டால் திங்கட்கிழமை முதல் சித்தப்பாவின் காப்புறுதி அலுவலகத்தில் போன் எடுக்க வேண்டும். சித்தப்பா மேசையைத் துடைத்து, அவளுடைய பெயரை ஒட்டியும் வைத்துவிட்டார். வெளிர் மஞ்சள் தாளில் வெள்ளை எழுத்து. கண்ட அன்றே நிரூபா நிறத்தை மாற்றச் சொல்லி அவருக்குச் செய்தி அனுப்பினாள்.

ஏனென்றால் அவள் இந்தத் துறையில் ஒரு புதுச் செய்தியையும் தவறவிடாதவள். காலையில் ஆறு செய்திமடல், பஸ்ஸில் பாட்காஸ்ட். கண் தெரியாதவர்களும் பயன்படுத்தும்படி தளம் செய்யச் சொல்லும் அணுகல் வழிகாட்டி இரண்டு புள்ளி ஒன்றிலிருந்து இரண்டு புள்ளி இரண்டுக்கு மாறிய கிழமை வீட்டில் கேக் வெட்டினாள். ஏதோ பிறந்தநாள் என்று நினைத்து அம்மாவும் பாடினார். சாப்பாட்டுக் கடைக்குப் போனால் மெனு அட்டையின் சாம்பல் எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். லிப்டில் பொத்தான்கள் நெருக்கமாக இருந்தால் அவற்றின்மீது இரக்கப்படுவாள். இவ்வளவுக்கும் கண் தெரியாத ஒருவர் போன் பாவிப்பதை அவள் நேரில் பார்த்ததே இல்லை. அதைப் பற்றி நூற்றுப்பத்துக் கட்டுரைகள் படித்திருந்தாள்.

கடைசிக் கட்டுரை சொன்னது: ‘படத்தில் உள்ளதை உள்ளபடி எழுது.’ எழுதியிருந்தாள்.

“சரி அங்கிள், மாத்துறன்” என்று தட்டினாள்.

“படம் நான்கு. சங்கத் தலைவர் ஆனந்தராஜா உரையாற்றுகிறார்.”

“இது மனிசத்தன்மை” என்றார் ஆனந்தராஜா.

“என்னை என்னெண்டு போட்டிருக்கிறாய் பிள்ளை?” என்று பேர்ள் அன்ரி கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

“படம் ஐந்து. செயலாளர் பேர்ள்.”

“இவ்வளவுதானோ? அவருக்கு உரையாற்றல், எனக்கு வெறும் பேர்ளோ? அண்டைக்கு நான் கட்டினது காஞ்சிபுரம்.”

“அலங்கரிச்சு எழுதக்கூடாதாம், அன்ரி.”

“காஞ்சிபுரம் அலங்காரம் இல்லை பிள்ளை. அது உண்மை. எழுது.”

நிரூபா எழுதினாள். விக்னராஜா தொண்டையைச் செருமினார். அவர் எதற்கும் சண்டை போடாதவர். முப்பது வருடமாக உபதலைவராகவே இருப்பவர்.

“நான் ஒண்டும் கேக்கேல்லை. ஆனா படம் ஆறில ‘பெரிய பூச்சாடிக்குப் பின்னால் ஒருவர்’ எண்டு சொல்லுது.”

“ஓம் அங்கிள். பூச்சாடிதான் முன்னுக்கு நிக்குது.”

“அந்த ஒருவர் நான்.”

ஆனந்தராஜா எழுந்தார். அவர் எழுந்தால் அது தீர்மானம்.

“இனி ஒவ்வொருத்தரும் தங்கட படத்துக்குத் தாங்களே எழுதித் தரவேணும். இந்தப் பிள்ளைக்கு எங்களை அவ்வளவு பழக்கமில்லை.”

“அங்கிள், வேணுமெண்டா வேற படம் போடுவம்.”

“படம் நல்ல படம். படத்தில கை வைக்க வேண்டாம்.” அவர் குரல் தணிந்தது. “இஞ்ச பார் பிள்ளை. கண் தெரியிற சனத்துக்கு என்ர மொட்டை தெரியுது. அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது. தெரியாத நாலு பேராவது என்னை முடியோட நினைக்கட்டுமே. ஆருக்கு என்ன நட்டம்?”

நிரூபா செய்திமடல்களை மூடிவிட்டு, எழுத வேண்டியதைக் குரல்பதிவாக அனுப்பச் சொன்னாள்.

அடுத்த இரண்டு நாளும் நிரூபாவின் போன் குரல்பதிவுகளால் நிரம்பி வழிந்தது. பேர்ள் அன்ரி சேலையின் நிறத்தில் தொடங்கி, கரை, முந்தானை, அதை வாங்கிய கடை, அதே சேலையைக் கேட்டு ஏமாந்த இரண்டு பெண்களின் பெயர்கள் வரை சொல்லியிருந்தார். விக்னராஜா தன்னைப் பற்றி ஒரு வரியும் பூச்சாடியைப் பற்றி ஏழு வரியும் அனுப்பினார். பூச்சாடி அவர் வாங்கிக் கொடுத்ததாம். ஆனந்தராஜா பத்துத் தடவை திருத்தினார்.

“‘அடர்ந்த கரிய சுருள்முடி காற்றில் அலைகிறது’ எண்டு போடு.”

“மண்டபத்துக்குள்ள காத்து ஏது அங்கிள்?”

“மேல மின்விசிறி சுத்துது எண்டு போடு. எல்லாத்துக்கும் நானே யோசிக்க வேணுமோ?”

வியாழக்கிழமை நிரூபா நேரம் பிடித்துப் பார்த்தாள். தளத்தைத் திறந்ததிலிருந்து ‘டிக்கெட் வாங்க’ என்ற பொத்தானை அந்தக் குரல் எட்டுவதற்குப் பதினொரு நிமிடம் சென்றது. நடுவில் ஒருமுறை குரல் களைத்துவிட்டது போலவும் அவளுக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பயந்து பயந்து சொன்னாள்:

“மேல ஒரு சின்ன இணைப்பு வைப்பம். ‘படங்களைத் தாண்டி டிக்கெட்டுக்குப் போக.’ எல்லாத் தளத்திலயும் இருக்கிறதுதான்.”

“எங்களைத் தாண்டியோ?” என்றார் பேர்ள் அன்ரி.

“தலைவரையும் தாண்டியோ?” என்றார் விக்னராஜா. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. பூச்சாடிக்காக.

“அப்பிடி ஒண்டை நான் அந்தத் தளத்தில பாக்கக்கூடாது” என்றார் ஆனந்தராஜா.

“நீங்கள் பாக்கமாட்டீங்கள் அங்கிள்” என்று நிரூபா வாக்குக் கொடுத்தாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அந்த இணைப்பை வைத்தாள். திரையில் அது தெரியாது. மவுஸைப் பிடித்து அலைபவர்கள் ஆயுள் முழுதும் தேடினாலும் அகப்படாது. விசைப்பலகையாலோ குரலைக் கேட்டோ வருபவர்களுக்கு மட்டும் முதல் ஆளாக வந்து நிற்கும்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. நகரசபைக் கடிதத்தில் ‘பரிசோதகரும் அவருடைய உதவியாளரும் வருவார்கள்’ என்று மட்டும் இருந்தது. செயற்குழு வாசலில் வரிசையாக நின்றது. காரிலிருந்து இருவர் இறங்கி வந்தார்கள். முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. அரை அடி பின்னால், அவருடைய முழங்கையைப் பிடித்தபடி ஓர் ஆண்.

“பாவம், எவ்வளவு பக்குவமாப் பிடிச்சுக்கொண்டு வாறார்” என்றார் பேர்ள் அன்ரி.

ஆனந்தராஜா பெண்மணியை நோக்கிப் பாய்ந்தார்.

“வணக்கம்! படி! ஒரு படி இருக்கு! இப்ப கதவு!”

“நான்...” என்று பெண்மணி தொடங்கினார்.

“நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம், எல்லாம் நாங்கள் பாக்கிறம்” என்று பேர்ள் அன்ரி மறுகையைப் பிடித்து, ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு போய் மடிக்கணினியின் முன்னால் இருத்தினார். “இது கதிரை. இது மேசை. இது ரோல்ஸ். மீன் வைச்சுப் பொரிச்சது.” ஒன்றை எடுத்து அவர் வாயருகில் கொண்டுபோனார்.

“இல்லை, நான் வந்து...”

“சுடாது! ஆறிட்டுது!” என்று விக்னராஜா காதருகில் கத்தினார்.

பின்னால் வந்தவர் கதவடியில் தனியே நின்றார். பிறகு கையால் சுவரைத் தடவி, ஓரத்தில் கிடந்த கதிரையில் அமர்ந்து, காதில் எதையோ செருகிக்கொண்டு, போனை விரலால் தட்டத் தொடங்கினார்.

“கிரிக்கெட்டாக்கும்” என்று விக்னராஜா முணுமுணுத்தார்.

நிரூபா மடிக்கணினியின் பக்கம் குனிந்தாள். குரலை இயக்கினாள். அறை முழுவதும் காஞ்சிபுரம் மணத்தது, பூச்சாடி பூத்தது.

“படம் நான்கு. தலைவர் ஆனந்தராஜா. நாற்பது வயது மதிக்கலாம். மேலே மின்விசிறி சுழல்கிறது. அடர்ந்த கரிய சுருள்முடி காற்றில் அலைகிறது.”

பெண்மணியின் முகம் திரையிலேயே நின்றது. பிறகு மெதுவாக ஆனந்தராஜாவின் பக்கம் திரும்பியது. மறுபடி திரைக்குப் போனது. மறுபடி ஆனந்தராஜாவிடம் வந்தது. இந்தமுறை சற்று மேலே, நெற்றிக்கு மேலே.

“என்ன கூர்மையான காது! நான் மூச்சு விடுற திசையே அவவுக்குத் தெரியுது” என்று ஆனந்தராஜா பூரித்துப்போய், இல்லாத முடியைக் கையால் கோதிக்கொண்டார்.

பெண்மணிக்குத் திடீரென்று இருமல் வந்தது. கைக்குட்டையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

“உணர்ச்சிவசப்பட்டிட்டா” என்றார் பேர்ள் அன்ரி.

“டிக்கெட் வந்திட்டுது” என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். சுவரோரத்து மனிதர் காதிலிருந்ததைக் கழற்றினார்.

“மீன் சாப்பாடு ரெண்டு, ஆறாம் மேசை. மூண்டு நிமிசத்தில வாங்கிட்டன்.”

“நல்லது தம்பி, கொஞ்சம் சத்தம் போடாம இருங்கோ. இஞ்ச பரிசோதனை நடக்குது” என்றார் ஆனந்தராஜா.

“ஓம். அதைத்தான் நான் நடத்திக்கொண்டிருக்கிறன்.” அவர் எழுந்து, ஆள் நிற்கும் பக்கம் என்று நினைத்துத் தண்ணீர்க் குடுவையை நோக்கிப் புன்னகைத்தார். “நூர்தீன். பரிசோதகர். அங்க இருக்கிறது என்ர மனிசி பக்ருன்னிசா.”

பேர்ள் அன்ரியின் கையிலிருந்த ரோல்ஸ் அந்தரத்தில் நின்றது. பக்ருன்னிசா அதை வாங்கி ஒரு கடி கடித்தார்.

“நான் வந்த நேரத்திலயிருந்து சொல்லத்தான் பாக்கிறன். ஒருத்தரும் விடேல்லை. வெளியில சரியான வெயில்” என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

கண் தெரியாதவர்தான் வழிகாட்டுபவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார் என்று நிரூபா படித்திருந்தாள். எழுபத்திரண்டாவது கட்டுரை. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நூர்தீன் கேட்டார்: “படங்களைத் தாண்டிப்போற அந்த இணைப்பை ஆர் வைச்சது?”

செயற்குழு மூன்று தலைகளையும் திருப்பி நிரூபாவைப் பார்த்தது. அவள் கையை உயர்த்தினாள். பிறகு, அது அவருக்குத் தெரியாதே என்று உணர்ந்து, “நான்தான் அங்கிள்” என்றாள்.

“நல்ல வேலை பிள்ளை. அது இல்லாட்டி நான் இப்பவும் அந்தக் காஞ்சிபுரத்துக்குள்ளதான் நிண்டிருப்பன். மற்றப் பதினாலு தளத்துக்கும் உங்கட பேரைக் குடுக்கிறன்.”

சித்தப்பாவின் மஞ்சள் தாள் காற்றில் பறந்து போவதை நிரூபா மனக்கண்ணால் பார்த்தாள். மின்விசிறிக் காற்றுத்தான்.

“இன்னும் ஒண்டே ஒண்டு கிடக்கு. படங்களுக்கு எழுதினதும் நீங்களோ?” என்றார் நூர்தீன்.

நிரூபா வாயைத் திறப்பதற்குள் ஆனந்தராஜா முன்னால் வந்துவிட்டார். பரிசோதகருக்குக் கண் தெரியாது என்பதில் அவருக்கு மீண்டும் தெம்பு வந்திருந்தது.

“இல்லை! இந்தப் பிள்ளைக்கு அதில ஒரு பங்குமில்லை. ஒவ்வொரு சொல்லும் எங்கட. முக்கியமா படம் நான்கு, முழுக்க நான்தான். நீங்களும் கேட்டிருப்பீங்களே?”

“கேட்டன் அண்ணன், வடிவா எழுதியிருக்கிறீங்கள்” என்று நூர்தீன் கையை நீட்டி மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “என்னால படத்தைப் பாக்கேலாதுதானே, அதால நீங்கள் எழுதினது படத்தில இருக்கோ எண்டு பாத்துச் சொல்லத்தான் போற இடமெல்லாம் இவவைக் கூட்டிக்கொண்டு வாறனான்.”