வாளிச் சத்தம்

"அடுப்பையே நாசமாக்கிட்ட! இது என்ன வீடா, புகைக்கூண்டா?" ஜினெட் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தாள்.

அர்மான் தேனைக் கருக்குவதை நிறுத்தவில்லை. "இந்த வாசனைக்கு அடுத்த மலையில இருக்கற கரடிகூட ஓடி வரும், பாரு!"

வந்தே ஆகவேண்டும். காட்டின் சொந்தக்காரர் மகா கறார். ஒரு வீட்டில் மூன்று வருஷம் யாரும் கரடி அடிக்கவில்லையென்றால், கரடியை இழுக்கத் தீனிப் பீப்பாய் வைக்கும் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அர்மானுக்கு இது மூன்றாவது வருஷம். அடுத்த ஆள் ஜினெட்டின் தம்பி ஒமேர். சனிக்கிழமையோடு வேட்டை சீசன் முடிகிறது.

பீப்பாயில் போடும் பழைய டோனட்டெல்லாம் தினமும் காலியாகிறது. ஆனால் அர்மான் மரத்தில் உட்கார்ந்திருக்கும்வரை கரடியின் மூக்கு நுனிகூடத் தெரிவதில்லை. அது எங்கே நின்று பார்க்கிறது? எப்படிக் கண்டுபிடிக்கிறது? யோசித்து யோசித்து அவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"நீ மரத்துல ஏறறதை அது பார்க்குது மச்சான்," என்றான் ஒமேர். "ரெண்டு பேராப் போங்க. ஒருத்தர் தீனி கொண்டுபோன வாளியைத் தட்டிக்கிட்டே திரும்பிடணும். கரடிக்கு எண்ணவா தெரியும்? எல்லாரும் போயாச்சுன்னு நினைச்சுக்கும்."

"நான் வர்றேன்," என்றாள் ஜினெட். "எங்கிட்டயும் லைசென்ஸ் இருக்கு, அப்பாவோட துப்பாக்கி இருக்கு."

"நீ வண்டியில உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னு அக்கா, போதும்!" ஒமேர் விழுந்து விழுந்து சிரித்தான்.

வியாழக்கிழமை ஜினெட் வாளியைத் தட்டிக்கொண்டே வண்டியை ஓட்டிப்போய், ஒரு மைல் தள்ளி ஜல்லிப் பள்ளத்தில் காத்திருந்தாள். கரடி வரவில்லை. இருட்டும் நேரத்தில் அவனை ஏற்றிக்கொள்ள வந்தவள், "அர்மான், ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தாள்.

"உஷ்! காட்டுல பேசாதே!"

வெள்ளிக்கிழமை தேனை இரண்டு மடங்காக்கினான். பீப்பாயில் பாதி, அவன் கோட்டில் பாதி. கரடிக்குப் பதில் குளவிகள் வந்தன. மரத்தின்மேல் அவன் ஆடிய ஆட்டத்தில் காக்கைகூடப் பறந்துவிட்டது.

"அர்மான், அந்தக் கரடி..."

"கரடிங்கற பேச்சையே எடுக்காதே!" வீங்கிய உதட்டோடு கத்தினான்.

சனிக்கிழமை குளவிக்குப் பயந்து தேன் சட்டி, கோட்டு, பீப்பாயில் ஊற்றும் கொழுப்பு டின் எல்லாவற்றையும் வண்டியின் பின்னால் போட்டு, "எடுத்துட்டுப் போயிடு!" என்றான். அவள் வாளியைத் தட்டிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஒரு வெடிச்சத்தம். எவனோ கொடுத்துவைத்தவன் என்று பொருமினான்.

இருட்டியது. ஜினெட்டையும் காணவில்லை. கோபத்தோடு நடந்தவனை வழியில் ஒமேர்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் சீழ்க்கை வேறு.

அடித்த கரடியையெல்லாம் பதிவது பெர்னிஸின் கடையில்தான். கடைசி நாள் இடம் கைமாறுவதும் அங்கேதான். அர்மான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எழுதிக்கோ பெர்னிஸ். எங்க இடம் இனிமே ஒமேருக்கு," என்றான். 

பெர்னிஸ் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"எதுக்கு? உன் பொண்டாட்டி இப்பதானே கரடியைப் பதிஞ்சுட்டுப் போறா. மூணு நாளா வாளிச் சத்தம் கேட்டு அவ வண்டி பின்னாடியே வந்துச்சாம், சொல்ல வந்தா நீதான் வாயைத் திறக்க விடலையாமே!"