கழட்டினதோட கழட்டினதா

வாசகர்களே, இன்று நாம் பார்க்கப்போகிற ரகத்துக்கு 'கழட்டினதோட கழட்டினதா' ஆசாமி என்று பெயர். எண்ணெய் கசிகிற ஒரு சின்ன கேஸ்கெட் அடைப்பை மாற்றலாம் என்று காரின் பானெட்டைத் திறப்பார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பானெட் ஒரு சுவரில் சாய்ந்திருக்கும், என்ஜின் கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும், ஆசாமி அதன் கீழே நின்று சிரித்துக்கொண்டிருப்பார். கேஸ்கெட்டா? அதை யார் கேட்டது?

அமெரிக்காவில் எங்கள் இந்தியானாப் பக்கம் சோளத்துக்கு அடுத்தபடி நன்றாக விளைவது இவர்கள்தான். மாதிரிக்கு வெர்னன் ஸ்டக்கியை எடுத்துக்கொள்வோம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், பரம சாது. போன வருடம் நவம்பரில் நன்றி நாள் விருந்தில், வான்கோழியை வெட்டிக்கொண்டே, மகள் ஜனெலுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். ஜூன் மாதம் அவளுடைய கல்யாணத்தன்று சர்ச்சுக்கு அவரே தன் பழைய இரட்டைக் கதவு காரில் அழைத்துப் போவார். அந்தக் காரில்தான் அவளைப் பிறந்த கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஜனெலுக்குக் கண் கலங்கிவிட்டது. கார் அப்போது ஜோராக ஓடிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

"லேசா எண்ணெய் கசியுது, அத மட்டும் பாத்துடறேன்" என்றார் வெர்னன்.

"அத மட்டுந்தானே?" என்றாள் மனைவி லோர்னா.

"அத மட்டுந்தான்."

கேட்டவளும் நம்பவில்லை, சொன்னவரும் நம்பவில்லை. எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியதும் உள்ளே பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் ஷாப்ட் கண்ணில் பட்டது. கழட்டினதோட கழட்டினதா, அதைவிட நீளமாக வீசிச் சுற்றுகிற கிராங்க்கைப் போட்டால் பிஸ்டன் இன்னும் ஆழமாக இறங்கி ஏறுமே, நானூற்று ஐம்பத்து நாலு கன அங்குல என்ஜின் நானூற்றுத் தொண்ணூற்றாறு ஆகிவிடுமே என்று தோன்றியது. கிராங்க் மாறினால் பிஸ்டனும் மாற வேண்டும், பிஸ்டன் மாறினால் அதன் மேல் மூடியான பழைய ஹெட் மூச்சுத் திணறும், ஹெட் மாறினால் வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாப்ட் முரடாக வேண்டும், இத்தனைக்கும் தீனி போடப் பழைய கார்புரேட்டர் போதாது, இத்தனையையும் தாங்கப் பழைய கியர்பாக்ஸ் பற்றாது. நீங்களே சொல்லுங்கள், இதில் எந்த இடத்தில் ஒரு நியாயமான மனிதன் நிறுத்த முடியும்?

குளிர்காலம் முழுக்க லோர்னாவின் கார் ஷெட்டில் இடமில்லாமல் வாசலில் பனியில் கிடந்தது. வால்வ் மூடிகள் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில், இறைச்சி வேகவைத்த தட்டுக்குப் பக்கத்தில் குளித்தன. புது கேம் ஷாப்ட் துண்டு போர்த்திக்கொண்டு விருந்தாளிக் கட்டிலில் படுத்திருந்தது. பிஸ்டனும் வால்வும் ஒன்றையொன்று முட்டாமலிருக்குமா என்று பார்க்க, பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டி, என்ஜினைக் கையால் சுற்றி, மறுபடி கழற்றி, நசுங்கின களிமண்ணைப் பிளேடால் அறுத்து அதன் கனத்தை அளப்பது இவர்களுடைய பூஜை. வெர்னன் அந்தக் களிமண் துண்டைச் சாப்பாட்டு மேஜைக்கே கொண்டுவந்து காட்டினார்.

"பாரு லோர்னா, எவ்வளவு எடம் இருக்குன்னு."

"உருளைக்கிழங்க நகர்த்து. மேஜையில எடம் இல்ல."

பக்கத்து வீட்டு ராய்ஸும் இதே ரகம்தான். அவருடைய ஷெட்டில் ஒரு கார் எந்த அதிபர் காலத்திலிருந்து பிரித்துக் கிடக்கிறது என்பதில் ஊரில் கருத்து வேறுபாடு உண்டு. தினம் ஒரு பீர் டப்பாவோடு வந்து யோசனை சொல்வார்.

"வெர்னா, இவ்வளவு முரட்டுக் கேம் போட்டா என்ஜினோட உறிஞ்சல் கொறஞ்சிடும்டா. அந்த உறிஞ்சல்லதான் உன் பிரேக்கே லேசா மிதிச்சதும் புடிக்குது."

"ஓடறதுக்கு ஒரு வழி பண்ணுவோம், நிக்கறத அப்புறம் பாத்துக்கலாம்."

மே மாதம் என்ஜின் உயிர்பெற்றது. தெருவே மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன, நாய்கள் கட்டிலுக்கடியில் போயின, வெர்னன் குழந்தைபோல் அழுதார். அப்புறம் பானெட்டை மூடப்போனார். மூடவில்லை. புது என்ஜின் அவ்வளவு உயரம். பானெட்டில் ஓட்டை போட்டார்கள். சோளக்கொல்லைகளுக்கு நடுவே போகும் நேர்சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். பறந்தது. அங்கே நிறுத்த வேண்டிய அவசியமே வரவில்லை.

கல்யாணத்தன்று வாசலில் ஜனெல் வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். வெர்னன் கோட்டு சூட்டோடு பானெட்டுக்குள் குனிந்து கார்புரேட்டர் திருகைத் திருகிக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் ஒரே ஒரு கால் சுத்து, கண்ணு."

"அப்பா, நான் ராய்ஸ் மாமா டிரக்குல போயிடட்டுமா?"

விளையாட்டாகச் சொல்லவில்லை அவள். குரலில் அது தெரிந்தது. வெர்னன் நிமிர்ந்து பார்த்தார். ஆறு மாதத்தில் அப்போதுதான் அவளை முழுசாகப் பார்த்தார், பாவம். திருப்புளியைப் புல்லில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்.

கார் குலுங்கியது, இருமியது, பிறகு கிளம்பியது. பேச்சு காதில் விழவில்லை, ஆனால் இரண்டு பேரும் சிரித்தார்கள். மெதடிஸ்ட் சர்ச் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்று கையசைத்தார்கள். வெர்னன் பிரேக்கை மிதித்தார். கல்லை மிதித்த மாதிரி இருந்தது. இரண்டு காலாலும் மிதித்தார். கார் அவர்களைக் கடந்து போய்க்கொண்டேயிருந்தது. கையசைத்தவர்களில் சிலர் இது ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"அப்பா, சர்ச் போயிடுச்சு."

"தெரியுது கண்ணு."

"இங்க நிறுத்தறதா சொன்னோமே."

"அதுவும் தெரியுது."

ஊர்க்கோடியில் தானியக் கிடங்கு மேட்டில் ஏறி வண்டி வேகம் குறைந்து தானே நின்றது. என்ஜினை அணைத்தார் வெர்னன். "ஓடறதுக்கே எல்லாத்தையும் செஞ்சிட்டேன் ஜனெல், உன்னக் கொண்டு சேக்கறத நெனக்கல" என்றார். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மறு கையால் அப்பாவின் கையைப் பிடித்தாள். இருவரும் நடுத்தெருவில் நடந்தே சர்ச்சுக்கு வந்தார்கள். கவுனின் ஓரத்தில் கிரீஸ் படிந்திருந்தது. வழி நெடுக ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். அவ்வளவு நல்ல ஊர்வலத்தை ஐந்நூறு குதிரைசக்திகூடக் கொடுத்திருக்காது என்று லோர்னா இன்றைக்கும் சொல்வாள்.

சிரிக்கிறீர்கள். நம்மிடம் காரே இல்லையே என்று நிம்மதியும் படுகிறீர்கள். இருக்கட்டும். குழாயில் வாஷர் மாற்றப்போய்ச் சமையலறைச் சுவரையே இடித்தது யார்? ஒரு பக்கக் கடிதத்தைத் திருத்தப்போய் இன்னும் முடிக்காமல் இருப்பது யார்? நான் பெயர் சொல்லவில்லை. கையிலிருப்பதைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு வாசலை மட்டும் எட்டிப் பாருங்கள். உடுத்திக்கொண்டு யாராவது உங்களுக்காகக் காத்து நிற்கப்போகிறார்கள்.