புனிதன் இசைக்குக் கருத்து சேர்த்த வரலாறு

ஒரு மனுஷன் கலைஞனா இல்லையான்னு முடிவு பண்ண ஒரு விண்ணப்பப் பாரம் இருக்கணும். இல்லாட்டி கண்டவன் எல்லாம் கலைஞன்னு சொல்லிக்கிட்டுத் திரிவான். இந்த ஆபத்துல இருந்து நம்ம சமுதாயத்தக் காப்பாத்துறதுக்குன்னே எங்க வட்டாரத்துல ‘கலை பண்பாட்டு ஒருங்கிணைப்பு மேம்பாட்டு இயக்கம்’ ஒண்ணு இருக்கு. சிரம்பான் அம்பாங்கான்ல கடை வீட்டு மேல் மாடி. ஒரு ஏர்கோன், ரெண்டு மேசை, ஒரு குத்துவிளக்கு, சுவத்துல எட்டுப் படம். எட்டுலயும் தலைவர் இராஜமாணிக்கம் யாருக்கோ பொன்னாடை போத்துறாரு. ஒரு படத்துல அவருக்கு அவரே போத்திக்கிறாரு.

புனிதன் அந்தப் பாரத்த நிரப்பாமலே ஆறு வருஷம் கலைஞனா இருந்துட்டான். குத்தம்தான்லா. ஒத்துக்கிறோம்.

அவன் சுவா பக்கம் செம்பனைத் தோட்டத்துப் பையன். டெக்னோ டிஜே. தெரியாதவங்களுக்கு சொல்றேன், டெக்னோன்னா ஒரே அடி. டம் டம் டம் டம். ஏழு நிமிஷம் போனப்பறம் அதுல சின்னதா ஒரு ‘சிக்’ சேரும். அந்த ‘சிக்’ வர்றப்ப எங்களுக்கு ரோமம் எல்லாம் நட்டுக்கும். புனிதன் அடுத்தவன் பாட்ட ஓட்டுற டிஜே இல்ல, சொந்தமா செய்றவன். செம்பனை எண்ணெய் மில்லுல ஆவி விடுற சத்தம், விடிகாலையில ஆளுங்கள வேலைக்குக் கூப்புட அடிக்கிற பழைய பெரட்டு மணி, உருமி இழுக்கிற ‘ம்ம்ம்’, எல்லாத்தையும் போன்ல பிடிச்சி, லேப்டாப்புல போட்டு நசுக்கி, டெக்னோவா ஆக்கிருவான். ஐரோப்பாவுல அவன் இசைத்தட்ட தேடித் தேடி வாங்குறானுங்க. சுவாவுல கேட்டா, “யாரு, பஞ்சாலை மகனா? அந்தப் பையனுக்கு காது கேக்காது போல”ன்னுவாங்க.

பஞ்சாலைதான் அவன் அம்மா. சி ரூசாவுல ஓட்டல் ஒண்ணுல துணி துவைக்கிற மெஷின் பாக்குறாங்க. ஒரு நாளு கூட்டாளிங்க நாங்க எல்லாம் இருக்கிறப்ப ஹெட்போன வாங்கி மாட்டிப் பாத்தாங்க.

“என்னடா இது, எங்க ஓட்டல் மெஷின் மாதிரி இருக்கு?”

“உங்க ஓட்டல் மெஷின்தாம்மா. போன மாசம் வந்து பிடிச்சனே.”

“அடப்பாவி. அத எட்டு மணி நேரம் கேட்டுட்டு வரேன், எனக்கே திருப்பிப் போட்டுக் காட்டுறியா? தீவாளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒண்ணும் ஆவலன்னா இந்த சாமான் எல்லாம் வித்துட்டு லோரி லைசன் எடுத்துரு.”

பஞ்சாலையம்மா சும்மா மெரட்டுற ஆளு இல்ல. லைசன் வகுப்புக்கு பேரு குடுத்துட்டு வந்துட்டாங்க.

அந்த நேரத்துலதான் ஜெர்மனியில இருந்து ஈமெயில். கிளாவுஸ்னு ஒருத்தர், பெரிய டெக்னோ கம்பெனி முதலாளி. பேங்கோக் போற வழியில ஒரே ஒரு ஞாயித்துக்கிழம இங்க இருப்பாராம். புனிதன் இசை பொறந்த தோட்டத்துலயே அத நேர்ல கேக்கணுமாம். பிடிச்சா மூணு ஆல்பம் ஒப்பந்தம். பிடிக்கலன்னா லோரி.

தோட்டத்து மண்டபத்தக் கேட்டோம். மேனேஜர் நல்லவரு. “தாராளமா எடுத்துக்க. இயக்கத்துல ஒரு கடிதம் மட்டும் கொண்டு வந்துரு.”

போனோம். இயக்கத்துல வேலை செய்யுற ஒரே ஆளு ரோகினி அக்கா. பாரத்த எடுத்து வெச்சாங்க.

“வாத்தியம் என்ன தம்பி?”

“டிரம் மெஷின்க்கா, லேப்டாப்பு.”

“அது சாமான். வாத்தியம் என்னான்னு கேக்குறேன்.”

“அதாங்கா வாத்தியம்.”

“பாரத்துல அது இல்லியே.” காட்டுனாங்க. நாதஸ்வரம், தவில், உருமி, வீணை, மிருதங்கம், கோலாட்டம். ஆறே கட்டம். “இதுல ஒண்ணுல டிக் அடி.”

“இதுல எதுவும் எனக்கு வாசிக்கத் தெரியாதுக்கா.”

“வாசிக்க யாரு சொன்னா? டிக்தான அடிக்க சொன்னேன்.”

கடைசிக் கட்டத்துல அடிச்சான். கோலாட்டம்னா எட்டுப் பேரு ஐசி, அடையாள அட்டை காப்பி வேணும்னாங்க. நாங்க கூட்டாளிங்க எட்டுப் பேரும் குடுத்தோம். அன்னிக்கு மத்தியானத்துல இருந்து நானும் தேவனும் முறைப்படி பதிவு பெற்ற கோலாட்டக் கலைஞர்கள். தேவன் யாருன்னா, சிரம்பான் வெயில்ல கறுப்பு ஜாக்கெட் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, வேர்த்து ஊத்திக்கிட்டு எதுவும் கம்மியா இருந்தாதான் அழகுன்னு “மினிமல்லா மச்சான்”னு சொல்றவன். நானும் அப்படித்தான். எனக்கு ஜாக்கெட் வாங்க கொஞ்சம் லேட்டாச்சி.

“அடுத்தது, பாடல் வரிகள் மூணு காப்பி,” ரோகினி அக்கா சொன்னாங்க.

“வரியே கிடையாதுக்கா.”

“பரவால்ல, இல்லாத வரிய மூணு காப்பி குடு. ஆய்வுக் குழு பாக்கணும்.”

புனிதன் மூணு வெறும் தாள குடுத்தான். ஒரு வாரத்துல ரெண்டாவது தாள் மட்டும் திரும்பி வந்துச்சி. ‘மற்ற இரு பிரதிகளோடு ஒத்துப்போகவில்லை, திருத்தி அனுப்பவும்’. பாத்தா அதுல ஒரு காப்பிக் கறை. புதுத் தாள் குடுத்தான். ஏத்துக்கிட்டாங்க. கறை பட்டது அவங்க ஆபீஸ்லதான். அத சொன்னா திரும்ப முதல்ல இருந்து பாரம்.

அப்பறம் தலைவர் கூப்புட்டாரு. நெத்தி நெறைய விபூதி, பாக்கெட்ல மூணு பேனா.

“தம்பி புனிதன், உங்க பாடல் வரிகள முழுசா படிச்சேன். ஆபாசம் இல்ல, இன ஒத்துமைக்குக் கேடு இல்ல. ரொம்ப சந்தோஷம். ஆனா கருத்து இல்லியே?”

“சார், அதுல எழுத்தே இல்ல சார்.”

“அதத்தான் நானும் வேதனையோட சொல்றேன். நம்ம இளைஞர்கள் இப்படி கருத்தே இல்லாம போய்க்கிட்டு இருந்தா இந்த சமுதாயம் என்னாவும்?”

“டெக்னோவுல கருத்து வராது சார்.”

“நீங்க கவலப்படாதீங்க. கருத்த நானே வந்து குடுத்துடுறேன். நான் பேசறப்ப பின்னாடி லேசா உங்களோடத ஓட விடுங்க, அப்பதான் உணர்ச்சியா இருக்கும்.”

“எவ்வளவு நேரம் சார் பேசுவீங்க?”

“சுருக்கமா.”

நம்ம ஆளுங்க கூட்டத்துக்குப் போய் வந்தவங்களுக்கு அந்த வார்த்தையோட நீளம் தெரியும்.

அந்த ஞாயித்துக்கிழம வந்துச்சி. இயக்கம் குடுத்த பெர்மிட் ரெண்டு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும். கிளாவுஸ் ஒண்ணே முக்காலுக்கே வந்துட்டாரு. ஒல்லியா, மொட்ட, கறுப்பு டிஷர்ட். அவரப் பாத்ததும் தேவனுக்கு அழுகையே வந்துருச்சி. பஞ்சாலையம்மா பட்டுப்புடவ கட்டி முன் வரிசையில உக்காந்திருந்தாங்க, கைப்பையில லோரி லைசன் பாரத்தோட.

தலைவர் மூணு மணிக்கு வந்தாரு. மால, குத்துவிளக்கு, கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. மூணு இருபதுக்கு மைக்க பிடிச்சாரு. கோயில் திருவிழாவுல வெக்கிற அதே சவுண்ட் சிஸ்டம், எக்கோவ முழுசா திருப்பி விட்டிருந்தாங்க. ஒரு வார்த்த சொன்னா நாலு தடவ கேக்கும்.

“நாம் முன்னேற வேண்டும்! வேண்டும்… வேண்டும்… எப்படி முன்னேற வேண்டும்? வேண்டும்… முன்னேறினால்தான் முன்னேற முடியும்! முடியும்… முடியும்…”

புனிதன் பல்லக் கடிச்சிக்கிட்டு பின்னாடி டம் டம்ம லேசா ஓட விட்டான். தலைவர் கையால ‘இன்னும் கம்மி’ன்னாரு. கம்மி பண்ணான். இன்னும் கம்மின்னாரு. கடைசியில அது பக்கத்து வீட்டுல யாரோ மாவு இடிக்கிற மாதிரி கேட்டுச்சி.

நாலு மணி. “ஒற்றுமையே பலம்! பலமே ஒற்றுமை!” நாலர. “இறுதியாக ஒன்றே ஒன்று!” அஞ்சு. “இறுதியாக ஒன்றே ஒன்று!” நாங்க வழக்கம் போல ஒவ்வொரு ‘இறுதியாக’வுக்கும் ஆசையா கை தட்டுனோம். அத அவரு பாராட்டுன்னு எடுத்துக்கிட்டாரு. முப்பது வருஷமா இதுதான நடக்குது.

கிளாவுஸ் கண்ண மூடிட்டாரு. தல மெதுவா ஆடுச்சி. புனிதன் என் காதுல, “டேய், பீட்டப் பிடிச்சிட்டாருடா. எனக்கு பத்து நிமிஷம் கெடச்சா போதும், அந்த மில் டிராக்க எறக்கிருவேன்”னான்.

அஞ்சு அம்பத்தாறுக்கு தலைவர் மைக்க விட்டாரு. புனிதன் பாஞ்சி போய் வால்யூம ஏத்துனான். மில் ஆவி ‘ஸ்ஸ்ஸ்’னு கெளம்புச்சி. டம் டம் டம் டம். ஏழு நிமிஷம் போனாதான ‘சிக்’ வரும்? நாலாவது நிமிஷத்துல ஆறு மணி. ரோகினி அக்கா மெயின் சுவிட்ச அணைச்சிட்டாங்க.

“அக்கா! மூணே நிமிஷம்க்கா! கால்ல விழுறேன்க்கா!”

“பெர்மிட்ல ஆறு மணின்னு போட்டிருக்கு தம்பி. நாளைக்கு என்னையில்ல கேப்பாங்க.”

கிளாவுஸ் எழுந்து நேரா மேடைக்கு வந்தாரு. புனிதன் கைய நீட்டுனான். அவரு அவனத் தாண்டிப் போய் தலைவர் கைய ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டாரு. இங்கிலீஷ்ல படபடன்னு ஏதோ சொன்னாரு. தலைவர் தேவன மொழிபெயர்க்க சொன்னாரு.

“சார்… உங்க இசை மாதிரி ஒண்ணத்த அவரு கேட்டதே இல்லியாம்.”

“இசையா? நான் பேசுனேன்ப்பா.”

“ரெண்டர மணி நேரம் ஒரு அடி கூட முன்ன நகரலியாம் சார். ஆரம்பிச்ச எடத்துலயே நின்னுச்சாம். முடியப் போவுது, முடியப் போவுதுன்னு ஏமாத்தி முடிக்காம கொண்டு போனீங்களாம். ஐரோப்பாவுல முப்பது வருஷமா இதத்தான் தேடிக்கிட்டிருக்காங்களாம்.”

தலைவர் கழுத்து மாலய சரி பண்ணிக்கிட்டாரு. “நம்ம ஆளுங்களுக்குத்தான் இது புரிய மாட்டேங்குது,”ன்னாரு.

“அப்ப என் பீட்டு?” புனிதன் கேட்டான். தேவன் அதையும் கேட்டு சொன்னான். பின்னால மாவு இடிச்ச சத்தம் தொந்தரவா இருந்துச்சாம், இசைத்தட்டுல அத எடுத்துருவாங்களாம்.

மூணு ஆல்பம் ஒப்பந்தம் தலைவர் பேர்ல கையெழுத்தாச்சி. அடுத்த வாரமே பாரத்துல ஏழாவது கட்டம் வந்துருச்சி, ‘டெக்னோ’. தகுதி, முப்பது ஆண்டு பொதுவாழ்வு. புனிதன் போய்க் கேட்டான். “நீ கோலாட்டம்ல தம்பி,”ன்னாங்க ரோகினி அக்கா. பாவம்னு பாத்து தலைவர் அவன தன்னோட டெக்னிசியனா வெச்சிக்கிட்டாரு. எக்கோ பட்டன திருப்புற வேல. பஞ்சாலையம்மா லோரி வகுப்ப ரத்து பண்ணல.

முதல் தட்டு பேரு ‘இறுதியாக ஒன்றே ஒன்று’. பெர்லின்ல ஜனங்க வெளிய வரிசையில நிக்குறாங்களாம். மொழி தெரியாததுதான் அழகுன்னு ஒரு பத்திரிகையில ஒருத்தன் எழுதியிருக்கான். மொழி தெரிஞ்ச நாங்க எழுத ஒண்ணுமில்லாம அதையே பகிர்ந்தோம். போன மாசம் சிரம்பான்ல அவரோட நிகழ்ச்சி. முன்னாடியெல்லாம் சாப்பாட்டுப் பொட்டலம் குடுப்பாங்கன்னாதான் அவரு கூட்டத்துக்குப் போவோம். இப்ப டிக்கெட் வாங்கி, நானும் தேவனும் மொத வரிசை, கறுப்பு ஜாக்கெட். ‘நாம் முன்னேற வேண்டும்’ வந்தப்ப மண்டபமே கைய தூக்குச்சி. சத்தியமா ரோமம் நட்டுக்கிச்சி.

தலைவருக்கு இனிப்புநீர், சக்கர வியாதி. நேரத்துக்கு சாப்புடணும். இருவது நிமிஷம் எடவேளை விட்டாரு. போறப்ப, “தம்பி, சும்மா ஏதாச்சும் ஓட விடு,”ன்னுட்டுப் போனாரு.

புனிதன் மேடையில தனியா நின்னான். இருவது நிமிஷம்! சுவிட்ச அணைக்க யாரும் இல்ல. மில் டிராக்க போட்டான். ஆவி வந்துச்சி, பெரட்டு மணி வந்துச்சி, டம் டம் டம் டம். ஆறு வருஷமா மேடையில கேக்க நாங்க காத்துக்கிட்டிருந்த அந்த ‘சிக்’குக்கு இன்னும் ஒரே ஒரு நிமிஷம்தான்.

அப்பதான் மொத வரிசையில இருந்து ஒரு குரலு. “மச்சான், நிப்பாட்டுலா! இதுல கருத்தே இல்ல!”

கத்துனது தேவன். “ஆமாலா, தலைவரக் கூப்புடு!”ன்னு அடுத்ததா கத்துனது நான்.