கோயில் கிடாரமும் வாளிக் கறியும்

காட்டில் சமைப்பது சுலபம் என்று சொல்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. முக்கால்வாசிப் பேர் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு சொல்கிறவர்கள். மிச்சப் பேர் வீடியோ எடுக்கிறவர்கள். அப்படி ஒரு வீடியோவில் தாடி வைத்த மனிதர் ஒருவர் ஆற்றங்கரையில் குந்தியிருந்து, ஒரே சட்டியில் அரிசி, மரக்கறி, கோழி எல்லாவற்றையும் போட்டு மூடுவார். பிறகு திறப்பார். ஆவி பறக்கும். சாப்பிட்டுவிட்டு மலையைப் பார்ப்பார். அவருக்குப் புகை முகத்தில் அடிக்காது. எறும்பு கடிக்காது. பசியோடு ஒரு கூட்டம் பொம்பிளைப் பிள்ளைகள் அவரைச் சுற்றி நிற்கமாட்டார்கள். (நின்றிருந்தால் மலை பார்த்திருப்பாரோ?)

அந்த வீடியோவை நான் ஏழெட்டுத் தடவை பார்த்தேன். நம்பியும் விட்டேன்.

நான் நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். பெண் சாரணியருக்கும் நான்தான் பொறுப்பு. எங்கள் ஆண்பிள்ளைகள் வருடா வருடம் எங்கேயாவது கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு, கரி பிடித்த முகத்தோடு வந்து ஒரு மாதம் கதை அளப்பார்கள். பெண்பிள்ளைகளுக்கு மைதானத்தைச் சுற்றி அணிநடை, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் யானை என்பார்கள். பாம்பு என்பார்கள். ஆண்பிள்ளைகளை யானை மிதிக்காதோ? இதைத்தான் ஆசிரியர் கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். (பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். கேட்கட்டும்.)

எங்கள் பள்ளிக்கூட அதிபர் லேசில் சிரிக்காத மனிசி. என்னை முழுதாகக் கத்தவிட்டுவிட்டு அவா சொன்னா:

"சரி ரீச்சர். கூட்டிக்கொண்டு போங்கோ. ஆனால் சமையல் அங்கைதான். வீட்டுச் சாப்பாடு ஒரு பிடியும் வரக்கூடாது. மத்தியானம் நான் வந்து பாப்பன். பிள்ளையளுக்கு வயிறு நிறைஞ்சிருந்தால் இரவு நிக்கலாம், இனி வருசா வருசம் போகலாம். ஒரு பிள்ளை பசி எண்டு சொன்னாலும் பின்னேரமே எல்லாரையும் ஏத்திக்கொண்டு வாறதுதான். பேந்து இந்தக் கதை எடுக்கப்படாது."

"ஓம்" என்றேன். ஒரு மத்தியானச் சாப்பாடு. அதுதானே? எனக்கு வீடியோ இருந்தது.

சாப்பாட்டில் எனக்கு ஒரு பிடிவாதமும் இருந்தது. பருப்பும் ரொட்டியும் என் கூடாரத்துக்குக் கிட்ட வரக்கூடாது. சண்டையில் இடம்பெயர்ந்து தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்த காலத்தில் எங்கள் வீட்டில் அது இரண்டையும்தான் மாறி மாறித் தின்றோம். கூடாரம் என்றால் அந்தச் சாப்பாடு என்று ஒரு தலைமுறைக்கே படிந்துவிட்டது. என் பிள்ளைகள் கூடாரத்துக்குள் இருந்து கோழிச் சோறு சாப்பிடவேண்டும். தேநீருக்கு, மாவைத் தடியில் சுற்றி நெருப்பில் வாட்டும் பாண். அதுவும் வீடியோவில் வந்ததுதான். பாண் வேறு, ரொட்டி வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு பை கோதுமை மாவும் வாங்கினேன்.

போன இடம் ஊரோடு ஒட்டிய ஒரு குளம். ஆவணி மாதம். தண்ணீர் நடுவில் சுருங்கிக் கிடந்தது. சாமான்களைத் தன் உழவு மெசினில் ஏற்றி வந்தவர் பரமேஸ். எங்கள் சாரணியர் தலைவி துளசியின் தகப்பன். இறக்கிவிட்டுப் போகவேண்டிய மனிதர், போகவில்லை. குளக்கட்டில் மருதமர நிழலில் துண்டை விரித்து இருந்துவிட்டார்.

"நீங்கள் போகலாம்" என்றேன்.

"ஓம் ரீச்சர், போறன்" என்றார். அசையவில்லை.

"ஏன் நிக்கிறியள்?"

"மெசின் சூடு ஆறட்டும் எண்டு."

(அந்த மெசின் அன்றைக்குப் பின்னேரம் வரை ஆறவில்லை.)

நான் கோழியை வெட்டி, மிளகாய்த்தூள் பிரட்டி வைத்துவிட்டுக் கிடாரத்தைப் பார்த்தேன். பத்துப் பதினைந்து பேருக்குச் சமைக்கிற பானை என்னிடம் ஏது? அதிபர்தான் எங்கேயோ கேட்டு அனுப்பியிருந்தா. துளசி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ரீச்சர், இது பிள்ளையார் கோயில் கிடாரம்."

"அதுக்கென்ன?"

"அன்னதானம் சமைக்கிறது. கோழி போட ஏலாது."

கிடாரத்தின் வயிற்றில் வெள்ளைப் பெயின்றில் கோயில் பெயர் எழுதியிருந்தது. காலையிலிருந்து அதை நான் மூன்று தடவை தூக்கி வைத்திருக்கிறேன். கண்ணில் படவில்லை. வேறு பானை ஒன்றும் கிடையாது. சட்டி கிடையாது. ஏனென்றால் நான் கெட்டிக்காரி, ஒரே சட்டியில் சமைக்கப் போகிறவள்.

"சரி. சோறு கிடாரத்திலை. கோழியைப் பிறகு பாப்பம்" என்றேன்.

அடுத்தது அடுப்பு. வன்னிக் குளத்துக்குள் கல்லுத் தேடுவது என்பது வயலுக்குள் கடல் தேடுவது மாதிரி. ஆனால் காய்ந்த குளத் தரையில் பெரிய பெரிய மண்கட்டிகள் கிடந்தன. காலால் உதைத்தேன். கால்தான் நொந்தது. இதைவிடக் கல்லு வேறு என்ன செய்யும்? மூன்று கட்டியைப் பொறுக்கி அடுப்பு வைத்தேன். கட்டிகளைத் தூக்கித் தந்தவர் பரமேஸ்தான். "கருங்கல்லு மாதிரி ரீச்சர்" என்று தட்டியும் காட்டினார். (இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள், தான் குளத்துப் பக்கமே இறங்கவில்லை என்பார்.)

நெருப்பு நன்றாகப் பிடித்தது. உலை கொதித்தது. அரிசி போட்டோம். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஒரு சிறிய உரை ஆற்றினேன். திட்டமிட்டால் காடும் வீடும் ஒன்றுதான், பொம்பிளைகளால் முடியாது என்பவர்கள் வந்து பார்க்கவேண்டும் என்கிற மாதிரி. உரை நடக்கும்போது கஞ்சி பொங்கி வழிந்தது. வழிந்தது எங்கே போகும்? அடுப்புக்குத்தான் போகும். குளத்து மண் தண்ணீரைக் கண்டால் என்ன செய்யுமோ அதைச் செய்தது.

முதலில் ஒரு கட்டி சத்தமில்லாமல் சப்பையாகியது. கிடாரம் யாருக்கோ வணக்கம் சொல்வது போல் மெதுவாகத் தலை குனிந்தது. "விலத்துங்கோடி!" என்று கத்திப் பிள்ளைகளை இழுத்தேன். நல்ல காலம், எல்லாரும் தள்ளித்தான் நின்றார்கள். பிறகு முழுச் சோறும், முழுக் கஞ்சியும், என் திட்டமும் ஒன்றாக நெருப்புக்குள் போயின. ஒரு பெரிய வெள்ளைப் புகை எழும்பியது. அது அடங்கியபோது நெருப்பு இல்லை, அடுப்பு இல்லை, சேறு இருந்தது. அதற்குள் சோறு இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம். தாடிக்காரன் மீது, குளத்தின் மீது, ஆசிரியர் கூட்டத்தில் எனக்குப் பின்னால் இருந்து சிரித்த விஞ்ஞான மாஸ்டர் மீது. அதிபர் வர இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கும். பின்னேரம் இந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தலை குனிந்து போவதா? ஏலாது.

"மண்வெட்டியைக் கொண்டா" என்றேன்.

கல்லு இல்லாவிட்டால் கிடங்கு, அதற்குள் நெருப்பு. மேட்டில் காய்ந்த இடமாகப் பார்த்து நீளமாக ஒரு கிடங்கு வெட்டினேன். கையில் கொப்புளம் வந்தது. வெட்டி முடித்து நிமிர்ந்தால் துளசி மாப் பையோடு நிற்கிறாள்.

"அரிசி முடிஞ்சுது. ரொட்டி சுடுவம் ரீச்சர்."

"ரொட்டி இல்லை."

"தேங்காயும் கிடக்குது. கெதியா முடிஞ்சிடும்."

"ரொட்டி இல்லையெண்டால் இல்லையடி! நாங்கள் தறப்பாளுக்குள்ளை கிடந்து திண்ட சாப்பாடு அது. அதை ஏன் நீங்கள் தின்னவேணும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு ரொட்டி விருப்பம் ரீச்சர்" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் இவள் கைக்குழந்தை. இவளுக்கு ரொட்டி என்றால் வட்டமான, சூடான, தேங்காய்ப்பூப் போட்ட ஒரு சாமான். வேறு ஒன்றுமில்லை. என் கோபத்தை இவளுடைய கோப்பையில் ஏன் போடுகிறேன்?

"எங்கை சுடுறது? தோசைக்கல்லு இல்லை" என்றேன். சம்மதித்துவிட்டேன் என்பதை அப்படித்தான் சொன்னேன்.

"கிடாரத்தின்ரை மூடி இருக்குதெல்லே."

இருந்தது. வண்டிச் சில்லு அளவில் ஒரு மூடி. கழுவி, கிடங்குக்கு மேல் கவிழ்த்துப் போட்டோம். ஒரே நேரத்தில் ஆறு ரொட்டி இருக்கும். இரண்டு பேர் தேங்காய் துருவ, இரண்டு பேர் மா குழைக்க, மற்றவர்கள் தட்டித் தட்டிப் போட்டார்கள். முதல் ஆறும் கரி. அடுத்த ஆறும் ஒரு பக்கம் கரி. அதற்குப் பிறகு கை பழகிவிட்டது.

கோழி? நான் தண்ணீர் அள்ளக் கொண்டு வந்தது ஒரு எவர்சில்வர் வாளி. மாமி, அதாவது என் புருசனின் தாய், கலியாணத்துக்குத் தந்தது. வீட்டில் அதைத் தண்ணீர் படாமல் அலுமாரிக்கு மேல் வைத்திருப்பா. கேட்காமல் எடுத்து வந்திருந்தேன். கிடங்கின் மற்றத் தலையில் அதை வைத்துக் கோழியைக் கொட்டினேன். கட்டித் தேங்காய்ப்பால் விட்டேன். அகப்பை எட்டவில்லை, ஒரு தடியைச் சீவிக் கிண்டினேன். வாளி கறுத்தது. கறி கொதித்தது.

அந்த நேரம் பார்த்துக் குளக்கட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஒன்றல்ல. வரிசையாக. பரமேஸ் கிடாரம் கவிழ்ந்த உடனேயே போன் எடுத்து ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். எல்லாத் தாய் தகப்பனும் சோற்றுப் பார்சலோடு வந்து இறங்கினார்கள். மீன் பொரியல் வாசம் குளம் முழுக்கப் பரவியது. பிள்ளைகளின் கைகள் மாவுக்குள் அப்படியே நின்றன.

"உங்களை ஆர் கூப்பிடச் சொன்னது?" என்று பரமேஸிடம் பாய்ந்தேன்.

"பிள்ளையள் பசி கிடக்குதுகள் ரீச்சர்."

"கிடக்கட்டும்!"

கிடக்கட்டும் என்று நான் கத்தியது, அப்போதுதான் ஓட்டோவால் இறங்கிய அதிபருக்கு முழுதாகக் கேட்டது. அவா செருப்பைச் சேற்றுக்குள் வைக்காமல் சுற்றி வந்து, என்னைப் பார்த்து, சாம்பலும் சோறுமாகக் கிடந்ததைப் பார்த்து, பிள்ளைகளிடம் கேட்டா:

"ஆருக்குப் பசி?"

காலையில் ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் தின்ற பிள்ளைகள். துளசியின் தகப்பன் பார்சலைத் திறந்து அவளுக்கு முன்னால் நீட்டினார். முட்டையும் இருந்தது.

"அப்பா, மூடுங்கோ" என்றாள் துளசி. பிறகு அதிபரைப் பார்த்து, "இஞ்சை ஒருத்தருக்கும் பசி இல்லை. அப்பாதான் காலமை துவக்கம் பசியோடை இருக்கிறார். ரொட்டி ஆயத்தம், இருங்கோ" என்றாள்.

பச்சைப் பொய். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதிபருக்குத்தான் முதல் ரொட்டி. அவா வாளியை எட்டிப் பார்த்தா.

"இதென்ன?"

"கோழிக் கறி" என்றேன்.

"வாளியிலையோ?"

"கிடாரம் கோயிலின்ரை."

"ம். அதையாவது யோசிச்சியளே."

(யோசித்தது நானில்லை. அதையும் சொல்லவில்லை.)

அவா ஒன்று தின்றா. பேசாமல் கையை நீட்டி இன்னொன்று வாங்கினா. பிள்ளைகள் தின்றது தின்றதல்ல, பாய்ந்தது. கறி அடியில் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. அந்தப் பிடித்ததைத் தடியால் சுரண்டிச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் ஒருத்தி மல்லாந்து படுத்து, "எழும்ப ஏலாது ரீச்சர், தூக்கி விடுங்கோ" என்றாள். மேலே குளக்கட்டில் தாய் தகப்பன்மார் வரிசையாக இருந்து, கொண்டு வந்த பார்சலைத் தாங்களே பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பரமேஸ் முட்டையை முழுசாக வாய்க்குள் வைத்ததை நான் கண்டேன்.

அதிபர் கை கழுவினா.

"பிள்ளையள் இரவு நிக்கலாம்" என்றா. பிள்ளைகள் கூவிய கூவலில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. அவா கட்டுப் பக்கம் திரும்பி, "பெற்றார் எல்லாரும் இப்பவே வீட்டுக்குப் போகவேணும். மெசினும் சேத்துத்தான்" என்றா. பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னா: "வருசா வருசம் போங்கோ ரீச்சர். ஆனால் நீங்கள் சமைக்கிறேல்லை."

வாளியின் அடி இன்றைக்கும் கறுப்புத்தான். சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துப் பார்த்தாகிவிட்டது. மாமி அதை எடுத்து ஒளிக்காமல் முன் விறாந்தையில் வைத்திருக்கிறா, வருகிற ஆட்கள் கேட்கவேண்டும் என்பதற்காக. வீட்டில் கோழி வாங்கினால் புருசன் நேரே என்னிடம்தான் வருவார்: "சட்டியோ, வாளியோ?"

அதிபரின் கட்டளை மட்டும் பிசகவில்லை. ஒவ்வொரு வருடமும் சாமான்களோடு ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் ஏறும். அது எனக்கு. அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, மரத்தடியில் போட்டு என்னை இருத்திவிடுவார்கள். மத்தியானச் சாப்பாடு முடியும்வரை எழும்ப அனுமதி கிடையாது. இந்த முறை என் மகளும் சாரணியராக வந்திருந்தாள். கதிரையைத் தூக்கி வந்தவள் அவள்தான். உப்புக் காணுமோ, இன்னும் வேணுமோ என்று பார்க்க நான் பாதி எழும்பினேன்.

"அம்மா, இருங்கோ."

"இஞ்சை நான் அம்மா இல்லை. ரீச்சர் எண்டு சொல்லு."

"ரீச்சர், இருங்கோ" என்றாள்.

இருந்தேன்.