பிரச்சினைக்கு முந்திப் பிடித்த மீன்

மீன் துள்ளும் சத்தத்தில் தூக்கம் கெடுகிற ஊரில் இருந்துகொண்டு, அந்த ஊர்ச் சனத்துக்கே ஐஸ்மீன் விற்றுவிடலாம் என்று நம்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரோடு ஒரே மேசையில் வேலை பார்க்கும் தண்டனை எனக்குக் கிடைத்தது.

கல்முனை றோட்டில், குருக்கள்மடத்துக்குக் கிட்ட இருந்த ஒரு மீன் கம்பனியில் நான் கிளாக்கர். அவர் விளம்பரம் எழுதுகிறவர். எதை எழுதினாலும் கடைசியில் 'முதல்தரம்' என்று போடாவிட்டால் அவருக்குத் தூரிகை கீழே இறங்காது. கக்கூசுக் கதவில் 'ஆண்கள்' என்று எழுதச் சொன்னால் அதற்குக் கீழேயும் முதல்தரம். ஊர் அவருக்கு வைத்த பெயரும் அதுவே. சொந்தப் பெயர் சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கே மறந்துவிட்டது. எனக்கு அவர் அண்ணன்.

குளிர் அறை இயந்திரத்தோடு முதலாளி வெளிநாட்டிலிருந்து ஒரு கட்டுப் பழைய விளம்பரப் படங்களும் கொண்டுவந்திருந்தார். எல்லாப் படத்திலும் ஒரு வெள்ளைக்காரி. கையில் ஐஸ்மீன் பெட்டி, வாய் நிறையச் சிரிப்பு. பிடித்த கையோடு உறைய வைத்தது, முள் இல்லை, மணம் இல்லை, கழிவு இல்லை என்று கீழே பெருமை. அண்ணன் அவளுக்குச் சேலை உடுத்தி, பொட்டு வைத்து, கம்பனிச் சுவரில் பெரிதாகக் கீறினார். சிரிப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

சந்தைக்குப் போன பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"ஆரு கா இவள்? மீன் வாங்கிப்போட்டு இப்பிடிச் சிரிக்கிறாள்."

"ஏமாந்தது தெரியாமச் சிரிக்கிறாள் போல. தலையுமில்ல, செவுளுமில்ல. எதைக் கிளப்பிப் பாத்து வாங்குற?"

நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்தில் செவுளைக் கிளப்பிப் பார்க்காமல் மீன் வாங்கியவள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சமைக்க முடியாது. ஐஸ் போட்ட மீன் என்றாலே பழசு என்றுதான் அர்த்தம். அண்ணன் யோசித்தார். சிரிப்பை அழித்து, புருவத்தைச் சுருக்கி, மீனைச் சந்தேகத்தோடு முகர்ந்து பார்க்கிற முகமாக மாற்றினார். படம் முன்னேறியது, வியாபாரம் முன்னேறவில்லை.

அடுத்ததாக, பெட்டிக்குள் அந்தந்த மீனின் தலையையும் வைத்துக் கட்டவேண்டும் என்று அடம்பிடித்தார்.

"திரும்ப வைக்கிறதுக்கு எதுக்கண்ணன் வெட்டுற?" என்றேன்.

"தலைதான் தம்பி சாட்சி. சாட்சியில்லாம ஆரு நம்புவா?"

பெண்கள் வந்து சொதிக்குத் தலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். துண்டங்கள் குளிர் அறையில் மலையாய்க் கிடந்தன.

பிறகு அந்தக் காலம் வந்தது. ஊரைச் சுற்றி வளைத்த றவுண்டப்பில் பிடிபட்டவர்கள் திரும்பி வரவில்லை. வாவியில் மனிதர்கள் மிதந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் தெம்பில்லை. ஊரில் ஒருவரும் மீனை வாயில் வைக்கவில்லை. சந்தையில் பூசணிக்காயும் கத்தரிக்காயும்தான்.

கம்பனியில் மட்டும் ஜெனரேட்டர் புண்ணியத்தில் அந்தத் துண்டங்கள் கெடாமல் கிடந்தன. முதலாளி சொல்ல, அண்ணன் சுவரில் எழுதினார்: 'பிரச்சினைக்கு முந்திப் பிடித்த மீன். முதல்தரம்.' மறுநாள் சனம் வரிசையில் நின்றது. செவுள் கேட்ட அதே பெண்கள் பெட்டியைத் திறந்தும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு மாமி வாவி கடந்து வருவார். வயல் வட்டையில் நெல்லுக்குக் காவலிருக்கப் போன மருமகன் திரும்பி வரவில்லை. மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள்.

"மகன், எனக்குப் படிக்கத் தெரியா. மெய்யா முந்தின மீன்தானே? பால் வாறதுக்கு அவளுக்கு மீன் குடுக்கவேணும். இப்பத்த மீனெண்டா தொடமாட்டாள்."

"முந்தினதுதான் மாமி. பயப்பிடாமக் குடுங்க" என்பார் அண்ணன். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில்.

பழைய மீன் தீர்ந்தது. முதலாளி ஒருநாள் பின்பக்கத்தால் வாவி மீனை இறக்கி, வெட்டிப் பெட்டியில் போடச் சொன்னார். சுவரில் உள்ளது அப்படியே இருக்கட்டும் என்றார்.

"எந்தப் பிரச்சினைக்கு முந்தி முதலாளி?" என்று அண்ணன் கேட்டார்.

"எந்தப் பிரச்சினை எண்டு நீ எழுதல்லத்தானே. அடுத்த பிரச்சினைக்கு முந்திப் பிடிச்சது எண்டு வெச்சுக்க."

நான் சிரித்தேன். முதலாளியின் பகிடிக்குச் சிரிப்பதும் கிளாக்கர் வேலையில் சேர்ந்ததுதான். அண்ணன் சிரிக்கவில்லை.

"பேசாம இருங்கண்ணன்" என்றேன், தனியாகக் கூட்டிப் போய். "வேலை போனா எங்க போற? நல்ல மீன்தானே."

"நல்ல மீன்தான். நானும் தின்னுவன். ஆனா தம்பி, மாமிட புள்ளைக்குப் புருசன் எங்க கிடக்கிறான் எண்டு தெரியா. அந்தத் தண்ணி மீனைப் பொய் சொல்லி அவளுக்குத் தீத்த எனக்கு ஏலா."

சுண்ணாம்பை எடுத்துச் சுவரை வெள்ளையடித்தார். காய்வதற்கு முன்னமே எழுதினார்: 'இது புது மீன். வாவி மீன். முதல்தரம்.' அப்போதும் அதை விடவில்லை பாருங்கள். வரிசை கலைந்தது. மத்தியானத்துக்குள் அவருக்கு வேலை போனது. கொஞ்ச நாளில் கம்பனியையே பூட்டினார்கள், எனக்கும் போனது.

அந்தக் கோபத்தில் நான் அவரோடு பேசவில்லை. அவரோ வேலை போன மனிதன் போலவே இல்லை. மாமி கம்பனி வரைக்கும் வெயிலில் நடந்து ஏமாறக் கூடாதென்று, தோணி வந்து சேர்கிற துறையிலேயே போய்க் காத்திருந்தாராம்.

"அந்த மீன் முடிஞ்சி மாமி. இனி அங்க வாங்கவேணாம்."

"மறுகா புள்ளைக்கு என்னத்தக் குடுக்குற மகன்?"

அடுத்த முறை அண்ணன் வீட்டு வளவு முருங்கையில் பாதி சைக்கிள் கரியரில் இருந்தது. முருங்கை இலையும் பால் சுரக்க வைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். அன்றிலிருந்து மாமி வருகிற நாளெல்லாம் இலைக்கட்டோடு துறைக்குப் போனார்.

எங்களுக்கெல்லாம் அப்போது மிகவும் களைத்துப்போயிருந்தது. வானொலி, அறிவித்தல், பக்கத்து வீட்டான் என்று யார் சொன்னதையும் நம்பத் தெம்பில்லை. அவர் ஒருவர் சொன்னதை மட்டும் நம்பலாம் என்றிருந்தது. அப்படிப்பட்ட மனிதர் மேல் எத்தனை நாளைக்குத்தான் கோபமாக இருப்பது. ஒரு காலை நானும் துறைக்குப் போய், அவர் பக்கத்தில் குந்திக்கொண்டேன்.