சமர்த்துப் பொட்டலமும் ஜுவாங் வம்சத்தின் வட்டும்

உலகில் தவறே செய்யாத குடும்பம் ஒன்றே ஒன்றுதான்: தைனான் நகரத்து ஜுவாங் குடும்பம். அதன் மூத்தவன் என்ற முறையில் இதை அடக்கத்தோடு சொல்கிறேன்.

எங்கள் வம்சாவளி ஏட்டைக் கரையான் தின்றுவிட்டது. நல்ல குடும்பம் எது என்று கரையானுக்கும் தெரிந்திருக்கிறது. நல்லவேளையாக ஏட்டின் படங்கள், லினக்ஸ் ஓடும் எங்கள் குடும்பக் கணினியில் இருந்தன. ஆனால் அதன் வட்டுக்கு, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்கு, வயதாகிவிட்டது. ஆகவே சிங்மிங் நாளில் முன்னோர் கல்லறையில் எல்லாக் கிளைகளும் கூடுவதற்குள், படங்களைப் புது வட்டுக்கு மாற்றத் 'தீர்மானிக்கப்பட்டது'. புது வட்டை வாங்கி வந்தவன் என் தம்பி வென்-சுங்.

படங்களை மாற்றும் வேலை பாதியில் நின்றது. 'பரிமாற்றப் பிழை. இணைப்பை மீண்டும் தொடங்குகிறேன். வேகத்தைக் குறைக்கிறேன்' என்று திரை சொன்னது. என்ன பணிவு! தம்பியிடம் அது இல்லை.

"வட்ட வாங்கினது யாரு?"

"நான்தான் அண்ணே. ஆனா..."

"ஆனாவெல்லாம் வேண்டாம்."

தம்பி மகள் யுன்-ஷான் ஏதோ தட்டிப் பார்த்தாள். "பெரியப்பா, வட்டு நல்லா இருக்கு. சேதமே இல்லன்னு அதோட அறிக்கை சொல்லுது. வழியிலதான் கோளாறு. கேபிளப் பாக்கணும்."

"தனக்குத் தானே கொடுத்துக்கிற நற்சான்றிதழ எந்தக் கோர்ட்டும்மா ஏத்துக்கும்?"

அவசரக் கூட்டம் கூட்டினேன். எங்கள் நாட்டில் முக்கியமான இயந்திரம் எதுவானாலும், அதன் மேல் தேங்காய்ப்பால் பொரிப் பொட்டலம் ஒன்றை வைப்பார்கள். பொட்டலம் பச்சை நிறமாக இருக்க வேண்டும். அதில் 'சமர்த்து' என்று அச்சிட்டிருக்கும். இயந்திரமும் சமர்த்தாக இருக்கும். மற்றவர்கள் மேலே வைப்பார்கள். மேலே வைப்பது ஊராருக்கு. ஜுவாங் குடும்பத்துக்கு உள்ளேதான். கணினிப் பெட்டியைத் திறந்து, வட்டின் பக்கத்திலேயே ஒரு பொட்டலம் 'வைக்கப்பட்டது'.

பிழை கூடியது. சமர்த்து போதவில்லை என்று இன்னொன்று வைக்கப்பட்டது. பிழை மேலும் கூடியது. மூன்றாவதை அழுத்தித்தான் வைக்க வேண்டியிருந்தது. வட்டு காணாமலே போய்விட்டது. அதாவது, கணினி அதைத் தெரியாது என்று சொல்லிவிட்டது. மானமுள்ள கணினி.

தீர்ப்பு வழங்கினேன். "பிழை தீரலன்னா, சிங்மிங் அன்னைக்கு நீ முன்வரிசையில ஊதுபத்தி பிடிக்கக் கூடாது. மாப்பிள்ளைங்களுக்குப் பின்னாடி நில்லு."

வென்-சுங்கின் குரல் இறங்கியது. "அண்ணே, அம்மா போனப்புறம் வர்ற முதல் சிங்மிங். எனக்கும் அவ அம்மாதானே?"

"அதுக்குத்தான் நல்ல வட்டா வாங்கியிருக்கணும்."

யுன்-ஷான் எழுந்து பெட்டியைத் திறந்தாள். மூன்று பொட்டலங்களும் சூட்டில் உப்பி, கேபிளை மடக்கி, செருகியைப் பாதி வெளியே தள்ளியிருந்தன. பொட்டலங்களை உருவினாள், செருகியை விரலால் அழுத்தினாள். 'டக்.' படங்கள் ஓடத் தொடங்கின. ஒரு பிழையும் இல்லை.

ஒரு பொட்டலத்தைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டாள். "மொறுமொறுன்னு இருக்கு பெரியப்பா. சரி, யாரு இத உள்ள வச்சது?"

"வைக்கப்பட்டதுன்னு தீர்மானத்துல இருக்கு."

"யாரால?"

"தீர்மானத்துல அது இல்ல."

மறுபடி கூட்டம். பொட்டலத்தின் மேல் குற்றமில்லை. மூன்று பொட்டலத்துக்கு இடமில்லாத பெட்டியின் மேல்தான் குற்றம் என்று கண்டறியப்பட்டது.

"பெட்டிய வாங்கினது யாரு?"

யுன்-ஷான் வாயைத் திறந்தாள். தம்பி அவள் கையைப் பிடித்து அமர்த்தினான். "நான்தான் அண்ணே."

சிங்மிங் அன்று ஏட்டுப் படங்களில் இருந்த எல்லாப் பெயர்களையும் ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்தேன். அம்மாவின் கல்லறை முன் முதல் ஊதுபத்தி என் கையில். மாப்பிள்ளைகளுக்குப் பின்னால் வென்-சுங் தலைகுனிந்து நின்றான். எங்கள் சின்ன வயதில் அப்பாவுக்குப் பின்னால் சித்தப்பா குனிந்து நின்றாரே, அதே குனிவு. ஏட்டைக் கரையான் தின்றாலும், வட்டு தடுமாறினாலும், தலைமுறை தலைமுறையாக ஒரு பிழையும் இல்லாமல் எங்கள் குடும்பத்தில் கைமாறி வருவது அந்தக் குனிவு ஒன்றுதான்.