கண்ணால் கேட்பவர்

காதால் பாட்டுக் கேட்பவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? வருகிறார்கள், கேட்கிறார்கள், பிடித்தால் ஆடுகிறார்கள், பிடிக்காவிட்டால் சாப்பாடு எங்கே என்று பார்க்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு இனம். கண்ணால் கேட்பவர்! குமாசியில் இருபத்திரண்டு வருடமாக டிரம்பெட் ஊதிக்கொண்டிருக்கிறேன். இவர்களில் ஒருவராவது இல்லாத வாத்தியக் குழுவை இதுவரை நான் கண்டதில்லை.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மற்ற வாத்தியக்காரர்கள் கச்சேரி இடத்துக்கு வந்ததும் ஒருவருக்கொருவர் கை குலுக்கி, எங்கள் ஊர் வழக்கப்படி விரல் சொடுக்கி, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்து, நாற்காலி தேடி, நிழல் தேடி உட்காருவார்கள் அல்லவா? நம்மவர் அப்படியில்லை. நேரே ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போவார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிவார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அங்கே ஒட்டியிருக்கும் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பார், தெரிந்த பெயராக இருந்தால் சொந்தக்காரரைப் பார்த்தது போல் முகம் மலர்வார், தெரியாத பெயராக இருந்தால் நிமிர்ந்து கைத்தூசியைத் தட்டிக்கொண்டு “ம்” என்பார். அவ்வளவுதான். தீர்ப்பு ஆகிவிட்டது. இனி அந்தப் பெட்டியில் தேவதூதர்களே வந்து பாடினாலும் அப்பீல் கிடையாது.

தீர்ப்புக்குக் காரணம் கேட்டால் சொல்லாமல் இருக்கமாட்டார். “சத்தத்துல சூடு இல்ல” என்பார்.

“சூடுன்னா என்னண்ணே?”

“அது சொன்னா புரியாதுப்பா. கேட்டாத்தான் புரியும்.”

“கேட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்?”

“உனக்குக் கேக்காது.”



மலிவுப் பெட்டிகளுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவற்றின் அழகு எனக்கும் தெரியும். திருகைத் தொட்டால் திருகு கையோடு வரும். வயர் சொருகும் ஓட்டை ஒரு வருடத்தில் தளர்ந்துபோய், வயரை ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டியிருக்கும். எங்கள் ஊர் மின்சாரம் ஒரு எகிறு எகிறினால் உள்ளே ஏதோ கருகி, மீன் வறுக்கிற வாசனை வரும். கடைசிவரை திருகினால் கத்தும். ஆனால் கடைசிவரை திருகினால் கத்தாத பெட்டி எது, சொல்லுங்கள்? கண்ணால் கேட்பவரின் கணக்கே தனி. விலையுயர்ந்த பெட்டி இரைந்தால் அது குணம், மலிவான பெட்டி இரைந்தால் அது குற்றம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் குழுவில் இந்த இனத்தின் பிரதிநிதி, பேஸ் கிட்டார் வாசிக்கும் ட்வுமாசி. ஹாம்பர்க் போய்வந்தவர்களை எங்கள் ஊரில் ‘போர்கா’ என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். அந்த வழியில் இவர் போர்கா ட்வுமாசி. அங்கே அவர் இருந்தது ஒரே ஒரு குளிர்காலம். அதில் மேடை ஏறியது இரண்டு தடவை, மீதி நாளெல்லாம் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவினார் என்று அவர் தம்பியே சொல்லியிருக்கிறான். ஆனாலும் அந்த இரண்டு மேடையில் கேட்ட சத்தம் இன்னும் அவர் காதைவிட்டு இறங்கவில்லை. இத்தனை வருடமாக நாங்கள் வாசிப்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான் அவருக்குக் கேட்கிறது. எங்கள் தலைவர் க்வார்ட்டெங் எதிலும் அவசரப்படாத மனிதர். பெட்டி விஷயம் என்று வந்தால் மட்டும், “போர்கா காது என்ன சொல்லுதோ அதுதான்” என்று கைகட்டி நின்றுவிடுவார்.

இந்த இடத்தில்தான் அஃப்ரியே வந்து மாட்டிக்கொண்டாள்.

ஒன்பது வருடம் ஒரு தேவாலயத்தில் மைக்கும் ஸ்பீக்கரும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். தேவாலயத்தார் பெரிய செட் வாங்கினார்கள். அதோடு கூடவே அதை இயக்க ஓர் ஆளும் வந்தான். அஃப்ரியே வெளியே. கையில் இருந்ததையெல்லாம் போட்டு, எல்லா வாத்தியத்தின் சத்தத்தையும் ஒன்றுசேர்க்கிற மிக்ஸர் ஒன்றை, யாரும் கேள்விப்படாத பெயரில், வாங்கினாள். சொக்கொபான் மரச்சந்தையில் ஒரு தச்சரைப் பிடித்து ஒட்டுப்பலகையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டி அடித்துக்கொண்டாள். எங்கள் குழுவின் பழைய செட் அந்த மாதம்தான் ஒரேயடியாகக் கண்ணை மூடியிருந்தது. நாங்கள் அவளைச் சேர்த்துக்கொண்டால் சனிக்கிழமைதோறும் வேலை. இல்லாவிட்டால் பெட்டிகளை விற்றுவிட்டு ஒபுவாசியில் அக்கா நடத்தும் சாப்பாட்டுக்கடையில் ஃபுஃபுக்குக் கிழங்கு இடிக்கப் போகவேண்டியதுதான். இதை அவளே எங்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். சொல்லும்போது கை மட்டும் வயரைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை ஒத்திகை. போர்கா வந்தார், குனிந்தார், பெட்டியில் தச்சர் எழுதியிருந்த கடைப் பெயரைப் படித்தார், நிமிர்ந்தார்.

“ம். இரையுது.”

“போர்கா அண்ணே, இன்னும் கரண்டே குடுக்கலியே” என்றாள் அஃப்ரியே.

“குடுத்தா இன்னும் மோசமா இரையும்.”

தலைவர் மோவாயைத் தடவினார். சனிக்கிழமை வாசிக்க ஒப்புக்கொண்ட சாவு வீட்டுக்கு வேறு செட்டும் அகப்படாது. “சரி, சனிக்கிழமை ஒரு தடவை இதுலயே வாசிப்போம். வாசிச்சு முடிச்சதும் போர்கா சொல்லட்டும். வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம்” என்றார். அஃப்ரியே தலையாட்டினாள். அவளுக்கு வேறு என்ன வழி?

சனிக்கிழமை நாங்கள் போனது, கெஜெட்டியா சந்தையில் தக்காளிக்காரிகளுக்கெல்லாம் தலைவியாக இருந்த அம்மையாரின் சாவுக்கு. அடக்கம் காலையிலேயே முடிந்துவிட்டது. பிற்பகல் எங்கள் வாசிப்பு; எங்கள் ஊரில் அடக்கம் முடிந்ததும் பாட்டும் ஆட்டமுமாகத்தான் வழியனுப்புவோம். அலங்காரக்காரிகள் பந்தல் கால், நாற்காலி, மேசை என்று எதையும் விடாமல் கறுப்பும் சிவப்புமாகத் துணி சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஸ்பீக்கருக்கும் சுற்றியாகிவிட்டது. மிக்ஸர் மேசைக்கும் பாவாடை கட்டியாகிவிட்டது. கொஞ்சம் அசந்திருந்தால் என் டிரம்பெட்டுக்கும் ஒரு முடிச்சு விழுந்திருக்கும்.

போர்கா வழக்கம்போலப் பின்னால் போய்க் குனிந்தார். படிக்க ஒன்றுமில்லை! துணியின் ஓரத்தைப் பிடித்து லேசாகத் தூக்கினார். அலங்காரக்காரிகளில் மூத்தவள் எங்கிருந்தோ ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள்.

“மாமா, முடிச்ச அவுக்காதீங்க! விடிஞ்சதுலேருந்து கட்டிக்கிட்டிருக்கோம்.”

“உள்ள என்ன பேரு எழுதியிருக்குன்னு இன்னொரு தடவ பார்க்கணும்மா.”

“வாசிக்க வந்தீங்களா, துணியத் தூக்க வந்தீங்களா?”

மனிதர் அன்றைக்கு வாசித்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பேஸ் கிட்டார் கையில் இருக்கிறது, கண் மட்டும் துணிமேலேயே இருக்கிறது. தக்காளிக்காரிகள் கைக்குட்டையை வீசிக்கொண்டு புழுதி கிளம்ப ஆடுகிறார்கள். ஒரு கிழவனார் ஊன்றுகோலைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு நடுவில் இறங்கிவிட்டார். அஃப்ரியே மிக்ஸரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாலு பாட்டு முடிந்து நாங்கள் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, போர்கா எழுந்து பந்தலின் இடதுபக்கத்து வரிசையை நோக்கிப் போனார். துணி சுற்றிய முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி. மூன்றாவதில் காதை வைத்தார். கண்ணை மூடினார். முகத்தில் ஒரு நிம்மதி பரவியது.

“தலைவரே, இங்க வாங்க.”

தலைவர் போனார்.

“கேளுங்க. பாட்டு நின்னு எவ்ளோ நேரமாச்சு? இன்னும் முனகுது பாருங்க. மலிவுப் பெட்டியோட பொறவிக்குணம் இது. ஹாம்பர்க்ல இப்படி ஒண்ண மேடையில ஏத்தவே மாட்டான்.”

தலைவர் காதை வைத்தார். புருவம் சுருங்கியது. என்னைக் கூப்பிட்டார். நானும் வைத்தேன். பொய் சொல்லக்கூடாது, முனகல் இருந்தது. “ஆமா, முனகுது” என்றேன். அஃப்ரியேவுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இந்த நாலு பாட்டில் எங்கேயாவது முனகல் குறுக்கே வந்ததா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தலைவர் அவளிடம் போய்த் தாழ்ந்த குரலில், “வருத்தப்படாதேம்மா. இன்னிக்கு முடிச்சுக் குடுத்துரு. அடுத்த வாரத்துலேருந்து நாங்க வேற பார்த்துக்கிறோம்” என்றார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நேரே அந்தப் பெட்டியிடம் வந்தாள், குனிந்து காதை வைத்தாள், நிமிர்ந்தாள்.

“போர்கா அண்ணே, இது எந்தப் பெட்டி?”

“உன்னோடதுதான். மூணாவது.”

“நான் ரெண்டுதானே கொண்டுவந்தேன்?”

முடிச்சைப் பற்றி யாரும் சொல்வதற்குள் துணியைத் தூக்கிவிட்டாள். மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து வெள்ளையாகக் குளிர் புகைந்து வந்தது. அடுக்கடுக்காக ஆரஞ்சுக் கலர், கோலா, தண்ணீர்ப் பாட்டில்! சாவுக்கு வந்தவர்களுக்காக வாடகைக்கு எடுத்துவைத்திருந்த ஃப்ரீசர்.

“மூடுடி, மூடுடி! கலரெல்லாம் சூடாயிரும்!” என்று மூத்த அலங்காரக்காரி அலறினாள்.

தக்காளிக்காரிகள் கூட்டத்திலிருந்து ஒரு குரல், “பாவம், மாமாவுக்குத் தாகம்போல. வாயால கேக்கக் கூச்சப்பட்டுக் காத வச்சுக் கேட்டிருக்காரு. ஒரு பாட்டில் குடுங்கடி!” சாவு வீடு என்பதையும் மறந்து பந்தலே சிரித்தது. கையில் ஆரஞ்சுப் பாட்டிலோடு போர்கா நின்ற நிலையைப் பார்த்து எனக்குக்கூடப் பரிதாபமாகிவிட்டது.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. “ட்வுமாசி,” என்றார். போர்கா என்று சொல்லவில்லை, கவனியுங்கள். “இவ்ளோ இரைச்சலுக்கு நடுவுல ஃப்ரீசர் முனகுறது உனக்குக் கேட்டிருக்கு. நல்ல காதுதான். அடுத்த ரெண்டு பாட்டுக்கு நீ வாசிக்க வேணாம். போய் முன்னால உக்காரு. உக்காந்து கேளு.”

போய் உட்கார்ந்தார். தக்காளிக்காரிகளுக்கு நடுவில், பார்க்க எதுவும் இல்லாமல், பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பாட்டு முழுக்கக் கேட்டார். எனக்குத் தெரிந்து அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுந்துவந்து அஃப்ரியேவிடம், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “பாடுறவன் குரல் மேல போறப்போ கொஞ்சம் குத்துது. அந்த இடத்துல மட்டும் சன்னமா இறக்கு. மத்ததெல்லாம்… இருக்கட்டும்.”

அவள் இறக்கினாள். குத்தல் நின்றது. சாயங்காலம் பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது தலைவர் அவளிடம் அடுத்த சனிக்கிழமைக்கான இடத்தைச் சொன்னார். அவள் வண்டியின் பின்கதவைச் சாத்திவிட்டு அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

இதோடு முடித்தால் கதை அழகாக இருக்கும். எனக்கும் முடிக்க ஆசைதான். ஆனால் நடந்ததைச் சொல்லவேண்டுமே!

இப்போது அஃப்ரியே எங்கள் குழுவின் ஒலிக்கு முழுப் பொறுப்பு. போன மாதம் இரண்டாவது பாடகி வேலைக்கு அமொவா என்று ஒரு பெண் வந்தாள். நல்ல கணீரென்ற பேச்சுக் குரல். சொந்தமாக ஒரு மைக்கும் கொண்டுவந்திருந்தாள்; பூப்போட்ட கைத்துண்டில் சுற்றிப் பத்திரமாகப் பையிலிருந்து எடுத்தாள். அஃப்ரியே அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, அடிப்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தாள்.

“எங்க வாங்கினே இத?”

“ரோட்டுக்கடையிலக்கா. எனக்கு நல்லாத்தான் வேலை செய்யுது.”

“பார்த்தாலே தெரியுது. இதுல குரலுக்கு ஆழம் வராதும்மா. உள்ள வை.”

நான் இருமினேன்.

“என்னண்ணே?” என்று திரும்பினாள் அஃப்ரியே.

“ஒண்ணுமில்ல, தொண்டை.”

அமொவா மைக்கைத் திரும்பவும் துண்டில் சுற்றி வைத்தாள். சுற்றுகிற வரை நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியிருக்கவேண்டும், இரண்டாவது தடவையும் பேசவில்லை. ஆக, என்னையும் கண்ணால் கேட்பவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அஃப்ரியேமேல் கோபம் வருகிறதா? வரட்டும். ஆனால் கோபப்படுவதற்கு முன் ஒரு கேள்வி. இந்தப் பக்கத்துக்கு வந்ததும் நீங்கள் முதலில் என்ன செய்தீர்கள்? எழுதியது யார் என்று தேடினீர்களா, இல்லையா? குமாசியில் டிரம்பெட் ஊதுகிற, கேள்விப்படாத ஓர் ஆள் என்று தெரிந்ததும், முதல் வரியைப் படித்து முடிக்கும் முன்பே, “நடையில் ஆழம் போதவில்லை” என்று தோன்றியிருக்குமே?